பொய் நாலு

“உனக்கு வாயே கிடையாதா?”

சின்னவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த முதல் வாரத்தில் பெரியவள் அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய்ப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்த சின்னவள், விரல் வெந்த பிறகும் யாரையும் கூப்பிடவில்லை. பெரியவள்தான் ஓடி வந்து அந்த விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அப்படிக் கேட்டாள். சின்னவள் அதற்கும் பதில் சொல்லாமல் சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி விடு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்.”

சொன்னபடியே பேசினாள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வண்டிப் பட்டறை, ஒரே அடுப்பு. அடுப்படியில் பெரியவள் பேச, சின்னவள் ‘ம்’ கொட்ட, நாள் போவதே தெரியாது.

பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. எதற்கு என்று இப்போது கேட்டால் இருவருமே தலையைச் சொறிவார்கள். ஒரு ஜாக்கியை யார் வெளியே கொடுத்தது என்பதில் ஆரம்பித்தது என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நீளமான கொட்டகையின் நடுவில் தகரம் அடித்தார்கள். அந்தப் பக்கம் அண்ணன் உதிரிபாகக் கடை போட்டார், இந்தப் பக்கம் தம்பி பட்டறையை வைத்துக்கொண்டான். ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் ஒரு மழை நாளில் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. எழுந்தபோது சண்டையைக் காணோம்.

புருஷன்மார் சண்டைக்காகப் பெண்டாட்டிகளும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று அவர்களிடம் யாரும் முறையாக வந்து சொல்லவில்லை. அவள் முதலில் பேசட்டும் என்று இவள் இருந்தாள், இவள் முதலில் பேசட்டும் என்று அவள் இருந்தாள். சின்னவளாவது பேச்சை ஆரம்பிப்பதாவது! மூன்று வருடம் ஓடிவிட்டது.

பேச்சுதான் நின்றதே தவிர, சொல்ல வேண்டியவை நிற்கவில்லை. பெரியவள் கடையில் ஒரு பூனை வளர்த்தாள். எதைச் சொல்ல வேண்டுமானாலும் அந்தப் பூனையிடம், தகரத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சொல்வாள். “ஏய், குழாயில தண்ணி வருது. அப்புறம் வரலைன்னு யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது” என்பாள். பூனைக்குக் குழாயில் என்ன வேலை? சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு போவாள். சில நாள் பூனைக்கு வேறு மாதிரியும் சேதி வரும். “சில பேருக்கு வாசல் கூட்டுறதுன்னா அடுத்தவங்க பக்கம் தள்ளுறதுன்னு நினைப்பு.” அன்றைக்குக் கணவனுக்கு எடுத்துக் கொடுக்கிற ஸ்பேனரைச் சின்னவள் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவளால் முடிந்த பதில் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவளின் கணவன் லாரிப் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்த பிறகும் பல மாதத்துக்குக் கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் ஸ்டாண்டில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், “கை சரியானதும் வண்டியக் கொண்டாறோம்” என்று சொல்லிவிட்டு வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போனார்கள். ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ பண்ணேன்” என்றான் அவன் ஒருநாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பாக்குற? எதிர்ல நின்னு எத்தனை வண்டிக்கு டிஃப் புடிச்சுக் குடுத்திருக்க. என் கைக்குத் தெரிஞ்சது உன் கைக்கும் தெரியும். எனக்கு வாய் ஜாஸ்தி, உனக்கு இல்ல. அதான் வித்தியாசம்.”

உன்னால் முடியுமா என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காகவே அன்று இரவு சாப்பிடும்போது அவனுக்கு அவளே பிசைந்து ஊட்டினாள். இடது கையால் சாப்பிட அவன் பழகியிருந்தும் ஊட்டினாள்.

வந்தது ஒரே ஒரு வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன். அதன் சொந்தக்காரருக்கு ஸ்டாண்டில் ‘அவசரம்’ என்று பெயர். எதைச் சொன்னாலும் “அவசரம்மா, அவசரம்” என்றுதான் ஆரம்பிப்பார். வேகம் ஏறினால் வேனின் பின் அச்சு ஊளையிட்டது. மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாம் வாரம் பத்து நாள் கேட்டார்கள். பரீட்சை நேரம், அத்தனை நாள் வேன் நின்றால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல்தான் அவர் வந்தார் என்று ஸ்டாண்டில் கேலி பேசினார்கள். எப்படி வந்தால் என்ன, வந்தாரே என்று சின்னவள் மனதுக்குள் அவரைக் கும்பிட்டாள். இந்த வேன் சத்தமில்லாமல் ஓடினால் மற்றவர்களும் வருவார்கள். ஊளையிட்டுக்கொண்டே போனால், இந்த ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அவள் கணவனுக்கும் தெரியும். 

அன்று காலை மணிக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான் கணவன். அண்ணன்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். தம்பி பின்னால் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, அண்ணன் வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தபடி போனார். கடையில் பெரியவள், பட்டறையில் சின்னவள். நடுவில் தகரம். சின்னவள் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட டப்பாவின் மேல் கால் ஆட்டிக்கொண்டு அவசரம்.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும் பெட்டிதான் டிஃப். இன்ஜினிலிருந்து வருகிற சுற்றை வாங்கிச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தச் சுற்றை முதலில் வாங்குவது பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அதன் தண்டு இரண்டு பேரிங்குகளில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இரும்புக் குழல் ஒன்று, ஸ்லீவ் என்பார்கள். தண்டின் முனையில் நட்டைப் போட்டு இறுக்க இறுக்க, அந்த ஸ்லீவ் நசுங்கிக் குட்டையாகும். பேரிங்குகள் நெருங்கி வந்து தண்டைக் கவ்விப் பிடிக்கும். வண்டி ஓடுவதற்கு முன்பே கொடுத்துவைக்கிற அந்தப் பிடிப்புக்குத்தான் பிரீலோடு என்று பெயர். பிடிப்புக் குறைந்தால் பினியன் அலையும், ஊளையிடும். கூடினால் பேரிங் சூடாகிக் கருகும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நிமிராது. தாண்டிப் போய்விட்டால் பின்னால் வர முடியாது. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஸ்லீவ் போட வேண்டும்.

சின்னவள் புது பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டு, அண்ணன் கடையில் கணவன் வாங்கி வந்த புது ஸ்லீவை மாட்டி, பினியனை உள்ளே நுழைத்து, நட்டைக் கையால் முடிந்தவரை ஏற்றினாள். நட்டுக்கு அடியில் இருக்கும் ஃபிளாஞ்சு என்கிற வட்டத் தகடு சுற்றாமல் இருக்க அதில் ஒரு இரும்புப் பட்டையைப் பூட்டி, பட்டையின் மறுமுனையைப் பெஞ்சுக் காலில் அண்டக் கொடுத்தாள். எதிரில் நின்று பிடிக்க ஆள் இல்லாததால் இந்த ஏற்பாடு. நட்டில் மாட்டிய ஸ்பேனர் கம்பியில் நீளக் குழாயைச் செருகி மெல்ல இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பட்டையைக் கழற்றி, தண்டைச் சில சுற்று சுற்றிவிட்டு, ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, நூலின் நுனியில் சுருள் தராசைக் கொக்கி போட்டு ஒரே சீராக இழுத்துப் பார்த்தாள். முதல் அசைவில் முள் துள்ளும், அது கணக்கில்லை. ஓடும்போது எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. இந்த வண்டிக்கு முள் நாலு கிலோவில் நிற்க வேண்டும். இப்போது அரைக்கிலோகூடக் காட்டவில்லை.

“என்னம்மா, மீன் நிறுக்கிற தராசு மாதிரி இருக்கு” என்றார் அவசரம்.

“அதேதாண்ணே.”

“நம்ம வண்டிய மீன் தராசுலயா நிறுக்கிற? ஸ்டாண்டுல சொல்லிராத தாயி.”

அப்போதுதான் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பூனைக்குச் சேதி வந்தது.

“ஏய், இங்க பாரு. உங்கிட்டதான் சொல்றேன். இப்ப வந்திருக்கிறது பழைய ஆளு மாதிரி இல்ல. பாக்கத்தான் விறைப்பு. லேசா அழுத்தினாலே பொசுக்குனு மடங்கிரும். பாத்துக் கை வைக்கணும், சொல்லிட்டேன்.”

சின்னவளின் காது சிவந்தது. பழைய ஆள் என்றால் யார், அவள் கணவன். இப்போது வந்திருக்கிறது யார், அவள். விறைப்பாம், பொசுக்கென்று மடங்கிவிடுமாம். அதுவும் வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது.

அவசரம் தகரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். “யாரும்மா மடங்கிருவாங்க?” என்று அப்பாவியாகக் கேட்டார்.

 காதில் ஏறிய சூடு கைக்கு இறங்கியது. குழாயைப் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். அவள் கணவனே இரண்டு மூச்சு விட்டு இழுக்கிற இடம் அது. வழக்கமாக ஸ்லீவ் முரண்டு பிடிக்கும், முக்கி முனகி இழுத்தாலும் மெல்லத்தான் மசியும். இன்று வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி கம்பி சரேலென்று வந்தது. வந்ததுமே அவள் கம்பியை விட்டுவிட்டுப் பட்டையைக் கழற்றினாள்.

நூலைச் சுற்றி இழுத்தாள். முள் நாலைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது. ஒன்பதில் போய் நின்றது.

“நாலுன்னு சொன்ன?” என்றார் அவசரம், எட்டிப் பார்த்து.

“தாண்டிருச்சுண்ணே.”

“தாண்டினா என்ன? நட்டுதானே, கொஞ்சம் பின்னாடி திருப்பு. இதுக்குப் போய் மூஞ்சி தொங்குது.”

அவள் கம்பியை எதிர்ப்பக்கம் போட்டு நட்டை ஒரு இழை தளர்த்தினாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நூலை இழுத்தாள். முள் இறங்கி வந்து நாலில் நின்றது. கோடு போட்ட மாதிரி நாலில் நின்றது.

“அவ்வளவுதான்! பாத்தியா? நான் சொல்லல?” அவசரம் டப்பாவை விட்டு எழுந்துவிட்டார். “மூடு, மூடு. சாயங்காலம் ஒரு ஓட்டம் விட்டுப் பாத்துட்டு, காலையில பிள்ளைங்கள ஏத்தணும்.”

சின்னவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அப்படியே மூடிக் கொடுக்கலாம். வண்டி இன்று ஓடும், நாளை ஓடும், அடுத்த வாரமும் சத்தமில்லாமல் ஓடும். கணவன் வந்து எவ்வளவு என்று கேட்டால் நாலு என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் ஸ்லீவ் அளவுக்கு மேல் குட்டையாகிவிட்டது. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் இப்போது நட்டை எதிர்த்து முட்டுக் கொடுத்து நிற்க ஒன்றுமில்லை. ஏதோ ஒரு மேட்டில், ஏதோ ஒரு திருப்பத்தில் நட்டு தானாகக் கழலத் தொடங்கும். அப்போது உள்ளே பிள்ளைகள் இருப்பார்கள்.

“இல்லண்ணே” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். “இல்லண்ணே. இது பொய் நாலு.”

“நாலுல என்னம்மா பொய் நாலு, நெச நாலு?”

“உள்ள இருக்கிறது நசுங்கிப்போச்சு. இது தளர்ந்த நாலு, புடிச்ச நாலு இல்ல. புது ஸ்லீவ் போடாம இத நான் தர மாட்டேன்.”

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.  “அவசரம்மா...” என்று இழுத்தார். “டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள நிஜ நாலை வரவழைச்சு வை” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வண்டியைக் கட்டியிழுத்துக்கொண்டு போகிறேன் என்று குதிக்காமல் போனாரே, அதற்காக அவர் முதுகைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டாள்.

நட்டைக் கழற்றி, பினியனைத் தட்டிப் பின்னால் எடுத்தாள். நல்லவேளை, பேரிங்குகளில் தழும்பில்லை, நிறமும் மாறவில்லை. ஸ்லீவ் மட்டும் தண்டில் கசங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி, வண்டியிலிருந்து முதலில் கழற்றிய பழைய ஸ்லீவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழையதன் சுவர் தடிமன். புதியதன் சுவர் தகரம் மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாக்கத்தான் விறைப்பு. லேசா அழுத்தினாலே பொசுக்குனு மடங்கிரும்.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்குப் புதிதாக வந்த சரக்கு இது. வாங்கிப்போன வேறு யாரோ இழுத்துக் கெடுத்துக்கொண்டு வந்து கடையில் சத்தம் போட்டிருக்க வேண்டும். பெரியவளுக்கு அது தெரியும். தகரத்துக்கு இந்தப் பக்கம் இவள் கம்பியில் குழாயைச் செருகுகிற சத்தம் கேட்டதும், பேசாத வாயோடு பூனையைத் துணைக்கு வைத்துக்கொண்டு எச்சரித்திருக்கிறாள். ஆகாதவளாக இருந்தால் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாமே! நல்லதைச் சொல்லியும் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டது இந்தக் காதுதான். முன்பு வந்த சேதிகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் வருகிறது. மழை வருகிறது, துணியை எடு. கேஸ் வண்டி தெருமுனையில் நிற்கிறது. வாசல் கூட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு உதவியாகத்தான் வந்திருக்கிறது. அவள்தான் பூனையின் கணக்கில் எழுதிவிட்டிருந்தாள்.

எழுந்து தகரத்தின் அருகே போனாள். இன்னொரு ஸ்லீவ் வேண்டும். கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? அவளிடம் பூனை இல்லை. சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“இந்தா...” என்றாள் வைஸிடம். “ஒருத்தவங்க நல்ல மனசாத்தான் சொன்னாங்க. நாந்தான்...”

மேலே வரவில்லை. இரும்பிடம் பேசி மன்னிப்புக் கேட்பதாவது! வெட்கமாகப் போய்விட்டது. தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் தகரம் சுட்டது.

“அக்கா.”

அந்தப் பக்கம் ஏதோ டப்பா உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அக்கா, பூனைகிட்ட சொன்னது எனக்குப் புரியலக்கா. என்னையச் சொல்றீங்கன்னு நினைச்சுக் கோவத்துல இழுத்துட்டேன். மடங்கிருச்சு. இன்னொன்னு வேணுங்க்கா.”

 ஒரு இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. தெருவில் ஏதோ வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போயிற்று. சின்னவள் கையைத் தகரத்திலிருந்து எடுக்காமல் நின்றாள். மூன்று வருடத்து மௌனத்தை ஒரு ஸ்லீவுக்காகக் கலைக்கப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் பக்கம் நிழல் விழுந்தது.

பெரியவள் நின்றாள். ஒரு கையில் ஸ்லீவ், இன்னொரு கையில் புது நட்டு. ஒரு தரம் இறுக்கித் தளர்த்திய நட்டைத் திரும்பப் போடக் கூடாது என்பதைச் சின்னவளே மறந்திருந்தாள். இரண்டையும் பெஞ்சில் வைத்துவிட்டுப் பெரியவள் திரும்பவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பெஞ்சுக் காலில் அண்டக் கொடுத்திருந்த பட்டை ஏற்பாட்டைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. கூந்தலை முடிந்து கொண்டை போட்டுக்கொண்டாள். நேரே போய் அந்தப் பட்டையின் முனையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பெஞ்சில் ஊன்றி நின்றாள்.

சின்னவள் ஸ்லீவை மாட்டினாள். பினியனை நுழைத்தாள். நட்டை ஏற்றினாள். இந்தத் தடவை குழாய் போடவில்லை, வெறும் கம்பிதான். கொஞ்சம் இழுத்தாள், பெரியவள் அசையாமல் தாங்கினாள். எதிரில் ஒரு ஆள் தாங்கும்போது கம்பியின் முனையில் என்ன நடக்கிறது என்பது கைக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! ஸ்லீவ் மசிகிற அந்தக் கணம், மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் பட்ட மாதிரி தெரிந்தது. நிறுத்தினாள். பெரியவள் பட்டையைக் கழற்ற, இவள் தண்டைச் சுற்றி, நூலை இழுத்தாள். ஒன்று. மறுபடி பட்டை, மறுபடி கம்பி, நகத்தளவு. இரண்டு. மறுபடி நகத்தளவு. மூன்று வந்ததும் பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது சின்னவளுக்குக் கேட்டது. இவள் கம்பியை இழுத்தாள் என்று சொல்ல முடியாது, அதன் மேல் சாய்ந்தாள், அவ்வளவுதான்.

நூலை இழுத்தாள். முள் துள்ளியது, தணிந்தது, நாலில் நின்றது. இழுத்துக்கொண்டே போனாள். நூல் தீரும்வரை முள் நாலை விட்டு நகரவில்லை.

“வந்துச்சா?” வாசலில் இருந்து அவசரத்தின் குரல். எப்போது திரும்பி வந்தாரோ, இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றிருக்கிறார். “இது எந்த நாலும்மா?”

“நிஜ நாலுண்ணே” என்றாள் சின்னவள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

“அப்பாடா! அவசரமே இல்லம்மா, மெதுவா மூடு. நான் போய் ஸ்டாண்டுல நம்ம பயலுக எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன்.” அவர் வாயிலிருந்து ‘அவசரமே இல்லை’ என்று கேட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். வேகமாகப் போனார்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். கையெல்லாம் கிரீஸ், நெற்றியெல்லாம் வேர்வை. சொல்ல எத்தனையோ இருந்தது. தண்ணீர் வந்த நாட்கள், மழை வந்த நாட்கள், இன்றைக்குத் தாங்கிய இந்தக் கை.  “அக்கா...” என்றாள். அது மட்டும்தான் வந்தது. கண்ணீர் வழிந்ததைப் புறங்கையால் துடைக்கப் போய்க் கன்னம் முழுக்கக் கிரீஸை இழுவிக்கொண்டாள்.

பெரியவள் பெஞ்சிலிருந்த துணியை எடுத்தாள். அழுக்குப்படாத மூலையைத் தேடிப் பிடித்து, இடது கையால் சின்னவளின் முகவாயைத் தூக்கி, கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, திருப்பி மறுபக்கமும் துடைத்தாள். போதுமா என்று தள்ளி நின்று பார்த்தாள். பிறகு துணியை மடித்துச் சின்னவளின் தோளில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.